வாரத்துக்கு எத்தனை நாள் நாக்குத் தள்ள ஓடலாம்?

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் விளையாட்டுக்கும் உடல்நல அறிவியலுக்குமென்றே ஒரு கல்லூரி இருக்கிறது. அங்கே ஆரோக்கியமான 11 பேரைச் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். இடம் நகராத சைக்கிள். சில நிமிடம் மூச்சு முட்ட மிதிக்க வேண்டும், சில நிமிடம் இளைப்பாற வேண்டும், திரும்ப மிதிக்க வேண்டும். கடுமையாக மிதித்த நேரத்தை மட்டும் கூட்டினால் முதல் வாரம் 36 நிமிடம், இரண்டாம் வாரம் 90, மூன்றாம் வாரம் 152. நான்காம் வாரம் பாரத்தைக் குறைத்து 53 நிமிடத்துக்கு இறக்கிவிட்டார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தொடையில் ஊசி இறக்கித் துளி சதை எடுத்து, செல்லுக்குள் சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா எப்படி வேலை செய்கிறது என்று சோதித்தார்கள். குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்து ரத்தச் சர்க்கரையையும் பார்த்தார்கள்.

இரண்டாம் வாரம் வரை எல்லாம் ஏறுமுகம்தான். மூன்றாம் வாரத்தில் கதை மாறியது. மைட்டோகாண்ட்ரியாவின் வேலைத்திறன் முந்தைய வாரத்தைவிடச் சுமார் 40 சதவிகிதம் விழுந்துவிட்டது. குளுக்கோஸைக் கையாளும் திறனும் கெட்டது. பயிற்சியைக் குறைத்த நான்காம் வாரத்தில் நிலைமை தேறியது. ஆனால் முழுதாகத் தேறவில்லை. 2021-ல் ‘செல் மெட்டபாலிசம்’ இதழில் வெளியான ஆய்வு இது. 11 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, இதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனாலும் சர்க்கரை வந்துவிடக் கூடாதே என்று வியர்வை சிந்துகிறவர்கள் நிறைந்த ஊரில், இந்த முடிவைக் கண்டும் காணாமல் போக முடியாது.

‘வாரம் ஆறு நாள் ஹிட் பேட்ச்’ என்று பலகை வைத்திருக்கும் ஜிம்களை நம் தெருக்களில் பார்க்கலாம். மூன்று மாத பேக்கேஜ், ஆறு மாத பேக்கேஜ், ஆண்டுச் சந்தா கட்டினால் தள்ளுபடி. பணம் கட்டியவருக்கு ஒரு நாள் போகாவிட்டாலும் மனசு கேட்காது. அந்த ஆறு நாளும் உண்மையிலேயே ஹிட் பயிற்சிதான் என்றால், ஸ்டாக்ஹோமின் மூன்றாம் வாரம் இங்கே வருஷம் முழுக்க நடக்கிறது என்று அர்த்தம். ஆறு நாளும் போய்விட்டு ஒருவர் அலுங்காமல் குலுங்காமல் இருக்கிறார் என்றால், அங்கே நடப்பது ஹிட்டே இல்லை. பெரும்பாலான இடங்களில் இரண்டாவதுதான் உண்மை என்பது என் எண்ணம்.

நான்கு நிமிடம் எவ்வளவு நீளம்?

ஹை இன்டென்சிட்டி இன்டர்வல் டிரெய்னிங் என்ற நீளப் பெயரைச் சுருக்கித்தான் ஹிட் என்கிறோம். முழு வீச்சுக்கு அருகே போய் உழைப்பது, பிறகு வேகத்தைத் தணித்து மூச்சை மீட்பது, மறுபடி உழைப்பது. அவ்வளவுதான் விஷயம். இதில் பல வாய்ப்பாடுகள் உண்டு. அதிகம் ஆராயப்பட்டவற்றில் ஒன்று, நார்வேயின் ட்ரான்ட்ஹைம் நகரப் பல்கலைக்கழகம் பிரபலமாக்கிய நாலுக்கு நாலு.

பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிய பின், நான்கு நிமிடம் வேகமாக ஓட வேண்டும்; அல்லது டிரெட்மில்லைச் சரிவாக ஏற்றிவைத்து நடக்க வேண்டும். இதயத் துடிப்பு அதன் உச்ச அளவில் 85 முதல் 95 சதவிகிதத்தைத் தொட வேண்டும். பிறகு மூன்று நிமிடம் மெதுநடை. இப்படி நான்கு முறை.

முதல் நிமிடம் ஏமாற்றும். கால் போகிறது, மூச்சு இருக்கிறது, இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். இதயம் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் அந்தச் சுகம். இரண்டாம் நிமிடத்தில் வாயால் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். மூன்றாம் நிமிடத்தில் திரையில் ஓடும் வினாடிகளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. பக்கத்தில் இருப்பவர் ஏதாவது கேட்டால் தலையாட்டத்தான் முடியும், வாக்கியமாகப் பதில் வராது. நான்காம் நிமிடத்தின் முடிவில், இன்னும் ஒரு நிமிடம் வேண்டுமானால் தாக்குப்பிடிக்கலாம், அதற்கு மேல் முடியாது என்ற நிலை. அங்கே வந்தால் சரியான வேகம். முதல் சுற்றிலேயே சுருண்டு விழுந்தால் அதிக வேகம். நான்காவது சுற்றிலும் கதை பேச முடிந்தால், அது நல்ல நடைப்பயிற்சி, அவ்வளவே.

நாற்பது வயதுக்காரருக்கு உச்சத் துடிப்பு 220-லிருந்து வயதைக் கழித்தால் 180 என்பார்கள். அதில் 85 முதல் 95 சதவிகிதம் என்றால் நிமிடத்துக்கு 153 முதல் 171. இது குத்துமதிப்புக் கணக்கு, ஆளுக்கு ஆள் பத்துப் பதினைந்து கூடும் குறையும். பிபிக்கோ இதயத்துக்கோ அட்டெனலால், மெட்டோப்ரோலால் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிட வேண்டும். அந்த மாத்திரைகளின் வேலையே துடிப்பை அடக்கிவைப்பது. அவர்களுக்கு மூச்சும் பேச்சும்தான் அளவுகோல்.

இப்படி ஒரு பயிற்சியைத் திங்கள் கிழமை ஒழுங்காக முடித்தவரால், செவ்வாய்க்கிழமை அதே வேகத்தில் அதே நான்கு சுற்றை முடிக்க முடியாது. புதன் கிழமை நிச்சயம் முடியாது. உடம்பு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆள் மட்டும் அதே வேகத்தில் செய்வதாக நினைத்துக்கொண்டிருப்பார். ஆறு நாள் பேட்ச்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். கடுமை என்று சொல்ல முடியாத, ஓய்வு என்றும் சொல்ல முடியாத ஒரு நடுவாந்திர வேகத்தில் முக்கால் மணி நேரம் பர்பீயும் ஜம்பிங் ஜாக்கும் இடைவெளியின்றி ஓடும். சட்டை நனையும். இதயம் மட்டும் எந்தப் பக்கமும் போகாது.

இடைவெளியின் அருமையைக் கண்டுகொண்டவர்கள் ஜெர்மானியர்கள். 1930-களில் பயிற்சியாளர் வோல்டமார் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டலும் ஃப்ரைபர்க் நகரில் ஒரு முறையை வகுத்தார்கள். குறுகிய ஓட்டத்தில் துடிப்பை 180 வரை ஏற்றுவது. அது 120-க்கு இறங்கியதும் அடுத்த ஓட்டம். இறங்க ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆனால், ஓட்டம் அளவு மீறிவிட்டது என்று பொருள். இதயம் பலப்படுவது அந்த இளைப்பாறும் நேரத்தில்தான் என்றே கெர்ஷ்லர் நம்பினார். அவருடைய சீடர் ரூடால்ஃப் ஹார்பிக் 1939-ல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 வினாடியில் ஓடினார். அந்த உலக சாதனையை முறியடிக்க 16 ஆண்டுகள் ஆயின.

டபாட்டாவின் ஐந்து நாள்

‘ஜப்பான்காரன் வாரத்துக்கு அஞ்சு நாள் செய்யச் சொல்லியிருக்கான் சார்’ என்று வாதாடும் டிரெயினர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யில்லை, பாதி உண்மை.

இஸுமி டபாட்டா 1996-ல் வெளியிட்ட ஆய்வு அது. அந்தப் பயிற்சி முறை ஜப்பானின் வேகப் பனிச்சறுக்கு அணிக்குப் பயிற்சியாளர் இரிசாவா கோய்ச்சி கொடுத்துவந்தது. அதைச் சோதனைக்கூடத்தில் அளந்து பார்த்தவர் டபாட்டா. உடற்கல்வி படிக்கும் இளைஞர்கள் 20 வினாடி அசுர வேகத்தில் சைக்கிள் மிதித்து, 10 வினாடி ஓய்ந்து, இப்படி ஏழெட்டு முறை செய்தார்கள். நிமிடத்துக்கு 90 சுற்று மிதிக்க வேண்டும், 85-க்குக் கீழே போனால் அன்றைய பயிற்சி முடிந்தது. ஒன்பது சுற்றுக்கு மேல் தாக்குப்பிடித்தால் அடுத்த முறை சைக்கிளின் பாரத்தைக் கூட்டிவிடுவார்கள். வாரத்தில் நான்கு நாள் இப்படி, ஐந்தாம் நாள் அரை மணி நேரம் நிதான மிதிப்பும் அதோடு நான்கே சுற்றும். ஆறு வாரத்தில் அவர்களின் ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன், வாரத்துக்கு ஐந்து நாள் ஒரு மணி நேரம் நிதானமாக மிதித்த குழுவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஏறியது. நிதானக் குழுவுக்குக் கிடைக்காத ஒன்றும் கிடைத்தது: ஆக்சிஜன் போதாத நிலையிலும் உழைக்கும் திறன் 28 சதவிகிதம் உயர்ந்தது.

இப்போது கூட்டிப் பாருங்கள். எட்டு முறை 20 வினாடி என்றால் ஒரு நாளைக்கு 160 வினாடி. வாரம் முழுக்கக் கூட்டினாலும் 12 நிமிடம்தான் வரும். நம் ஊரில் டபாட்டா என்ற பெயரில் எட்டுப் பயிற்சிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம் கொடுத்து, அரை மணி நேரத்துக்கு மேல் இழுப்பதற்கும் அந்த ஆய்வுக்கும் சம்பந்தமில்லை.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலா குழு இன்னும் சுருக்கிப் பார்த்தது. உடற்பயிற்சியே இல்லாதிருந்த ஆண்கள், 20 வினாடி முழு வீச்சு மிதிப்பை மூன்று முறை, நடுநடுவே இரண்டு நிமிட மெதுமிதிப்போடு செய்தார்கள். முன்னும் பின்னும் சேர்த்து மொத்தம் பத்து நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள், 12 வாரம். இன்னொரு குழு அதே மூன்று நாள் 45 நிமிடம் நிதானமாக மிதித்தது. 2016-ல் வந்த முடிவின்படி இரு குழுவுக்கும் உடல்திறன் சுமார் 19 சதவிகிதம் ஏறியிருந்தது. வாரத்துக்கு மொத்தம் மூன்றே நிமிடக் கடும் உழைப்பு!

ஆக, நாளை எண்ணுவதைவிட நிமிடத்தை எண்ணுவது புத்திசாலித்தனம். ஒரு நாலுக்கு நாலு என்பது 16 நிமிடக் கடும் உழைப்பு. இரண்டு நாள் செய்தால் 32, மூன்று நாள் செய்தால் 48. முன்னது ஸ்டாக்ஹோமின் முதல் வாரத்துக்குச் சற்றுக் கீழே, பின்னது முதல் வாரத்துக்கும் இரண்டாம் வாரத்துக்கும் இடையே பத்திரமாக நிற்கிறது.

நாற்பத்தெட்டு மணி நேரம்

ஏன் தினமும் கூடாது? கடும் உழைப்பில் தசைகள் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையைக் கரைக்கின்றன. அது திரும்ப நிரம்ப ஒரு நாளோ, சில நேரம் அதற்கு மேலோ ஆகும். இதயத்தை அமைதிப்படுத்தும் நரம்புகள் பழைய நிலைக்கு வரும் நேரத்தையும் அளந்திருக்கிறார்கள். நிதானமான பயிற்சிக்குப் பின் 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும். கடும் பயிற்சிக்குப் பின் குறைந்தது 48 மணி நேரம் வேண்டும். குதிக்கும் பயிற்சிகளில் இன்னொரு சிக்கல், தசைநாண்கள் தேற எடுத்துக்கொள்ளும் காலம் தசையைவிட அதிகம். 90 கிலோ எடையோடு ஜம்ப் ஸ்குவாட் அடிப்பவரின் முழங்காலும் குதிகாலும் முதலில் புகார் சொல்வது அதனால்தான். எடை அதிகம் உள்ளவர்கள் சைக்கிள், சரிவு நடை, நீச்சல் என்று குதிக்காத வழியில் துடிப்பை ஏற்றுவது நல்லது.

பதக்கம் வாங்கும் ஓட்டக்காரர்களே தினமும் நாக்குத் தள்ள ஓடுவதில்லை. நார்வேயில் வசிக்கும் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், உலகத்தர வீரர்களின் பயிற்சிக் குறிப்பேடுகளை ஆராய்ந்து பார்த்தார். ஏறத்தாழ 80 சதவிகிதப் பயிற்சி, பேசிக்கொண்டே செய்யக்கூடிய இலகு வேகம். வாரத்துக்குப் பத்து முறைக்கு மேல் பயிற்சி செய்கிறவர்களும் கடும் பயிற்சியை இரண்டு மூன்று முறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களுக்குத் தூங்க நேரம் இருக்கிறது, சமைத்துப் போட ஆள் இருக்கிறது. இரவு பதினொன்றரைக்கு அமெரிக்க கிளையன்ட் காலை முடித்துவிட்டு ஐந்தரை மணி பேட்ச்சுக்கு ஓடிவரும் ஐ.டி. ஊழியருக்கு எது இருக்கிறது?

கலோரி ஆசை காட்டுபவர்களும் உண்டு. பயிற்சி முடிந்த பிறகும் நாள் முழுக்கக் கொழுப்பு எரிந்துகொண்டே இருக்குமாம். கொஞ்சம் எரியும். ஆய்வுகளின்படி அது பயிற்சியில் செலவானதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். 300 கலோரி செலவழித்தவருக்கு 30 கலோரி போனஸ். ஓர் இட்லிக்குக் காணாது.

ஷட்டில் ஆடுபவர்கள் கணக்கில் வருவார்களா?

தாராளமாக. இதை யாரும் யோசிப்பதில்லை. அலுவலகம் முடிந்து டர்ஃபில் ஒரு மணி நேரம் ஃபுட்பால் ஆடுகிறவர், உள்ளரங்கில் ஷட்டில் சிங்கிள்ஸ் ஆடுகிறவர் இருவருமே இடைவெளிவிட்டுக் கடும் உழைப்பைத்தான் செய்கிறார்கள். ஒரு ராலி முழுக்கப் பாய்ச்சல், பாயின்ட்டுக்கு நடுவே மூச்சு. வாரத்துக்கு மூன்று நாள் இப்படி ஆடுகிறவரின் கணக்கு அதோடு தீர்ந்தது. அதற்கு மேல் ஹிட் பேட்ச்சில் சேர்வது வீண். அந்தப் பணத்துக்கு எடைப் பயிற்சி கற்றுக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தசையை வலுவாக்கும் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாளாவது வேண்டும் என்கிறது. நம்மவர்கள் அதிகம் விட்டுவிடுவது அதைத்தான்.

உடற்பயிற்சிப் பக்கமே போகாதவர்களுக்கும் ஒரு செய்தி. பிரிட்டனில் அப்படிப்பட்ட 25,241 பேரின் மணிக்கட்டுக் கருவிப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். படி ஏறுவது, பஸ்ஸுக்கு ஓடுவது போல அன்றாட வேலையில் ஒரு நாளைக்கு மூன்று முறை, ஓரிரு நிமிடம் மூச்சு வாங்கியவர்களிடம் இதய நோயால் இறப்பது கிட்டத்தட்டப் பாதியாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆனாலும் மூன்று மாடிக்கு லிஃப்டைத் தவிர்ப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. இந்த அளவு தினமும் செய்யலாம்.

எழுபதிலும் முடியுமா?

முடியும் என்கிறது ட்ரான்ட்ஹைம். 70 முதல் 77 வயது வரையுள்ள 1,567 பேரை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரத்துக்கு இரண்டு நாள் நாலுக்கு நாலு, ஒரு குழுவுக்கு வாரத்துக்கு இரண்டு நாள் 50 நிமிட நிதானப் பயிற்சி, மூன்றாவது குழுவுக்கு வழக்கமான அரசு ஆலோசனை மட்டும். இறந்தவர்கள் ஹிட் குழுவில் 3 சதவிகிதம், நிதானக் குழுவில் 5.9, ஆலோசனைக் குழுவில் 4.7. பார்க்கப் பிரமாதமாகத் தெரிகிறது, ஆனால் புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசம் உறுதியானதல்ல. தாத்தா பாட்டிகள் வாரத்துக்கு இரண்டு நாள் இதைச் செய்யும்போது ஆபத்து கூடவில்லை என்பதுவரை நம்பலாம். அங்கேயும் இரண்டு நாள்தான் என்பதைக் கவனியுங்கள்.

2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில், உடற்பயிற்சிக்குப் பின் நெஞ்சுவலி வந்து இறந்தபோது ஜிம் என்றாலே பயந்தவர்கள் பலர். ஜிம்தான் கொன்றது என்று முடிவு கட்டுவது அவசரம். அபாயமே இல்லை என்பதும் தவறு. நார்வேயில் 4,846 இதய நோயாளிகள் மறுவாழ்வு மையங்களில் 1,75,820 மணி நேரம் பயிற்சி செய்ததை ஆராய்ந்தபோது, நிதானப் பயிற்சியில் ஒருவருக்கும் கடும் பயிற்சியில் இருவருக்கும் இதயம் நின்றது. மணிக்கணக்கில் பார்த்தால் நிதானத்தில் 1,29,456 மணிக்கு ஒன்று, கடுமையில் 23,182 மணிக்கு ஒன்று. அபூர்வம்தான். ஆனால் கடுமையில் ஐந்து மடங்குக்கு மேல். கடும் பயிற்சியில் இதயம் நின்ற இருவரும் பிழைத்தார்கள், அது மருத்துவக் கண்காணிப்பு உள்ள இடம் என்பதையும் மறக்கக் கூடாது. நம் ஜிம்மில் முதலுதவிப் பெட்டியில் பஞ்சாவது இருக்கிறதா?

எனவே 40 வயதைத் தாண்டியவர்கள், சுகர், பிபி உள்ளவர்கள், புகைப்பவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்புச் சரித்திரம் உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சுகர்காரர்களுக்கு இரண்டு விஷயம். கடும் பயிற்சி முடிந்த கையோடு சர்க்கரை இறங்குவதற்குப் பதில் சற்று ஏறலாம், அட்ரினலின் செய்யும் வேலை அது, பதறாதீர்கள். இன்சுலினோ கிளிமிப்பிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சில மணி நேரம் கழித்து, இரவில்கூடத் தாழ்சர்க்கரை வரலாம். அதற்குத் தயாராக இருங்கள். கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் கண் மருத்துவர் அனுமதி இல்லாமல் தொடவே வேண்டாம்.

எப்படித் தொடங்குவது?

முதல் ஆறு வாரம் வேக நடை மட்டும். பிறகு வாரத்துக்கு ஒரு நாள், ஒரு நிமிட வேகம், இரண்டு நிமிட மெதுநடை, ஐந்தாறு முறை. அது பழகியபின் இரண்டாவது நாள். செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்துக்கொண்டால் இடைவெளி தானாகக் கிடைக்கும். திங்கள், வியாழன் எடைப் பயிற்சி, மற்ற நாள் நடை, ஞாயிறு சும்மா இருங்கள். இருபது முப்பது வயதில், நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு, மூன்று மாதமாவது வாரத்துக்கு இரண்டு நாள் தொடர்ந்து செய்து வந்தவர்கள் மூன்றாவது நாளைச் சேர்க்கலாம். நான்காவது நாளைச் சேர்க்கச் சொல்லும் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் அதே வேகத்துக்கே துடிப்பு கூடுதலாக ஏறும். அப்போது சுற்றைக் குறையுங்கள், விடிவதற்குள் முடியுங்கள்.

காலையில் எழுந்ததும் துடிப்பைப் பாருங்கள். வழக்கத்தைவிடச் சில நாளாகவே ஏழெட்டு கூடுதலாக இருக்கிறது, தூக்கம் கெடுகிறது, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்துவிழுகிறீர்கள், ஓடும்போது துடிப்பு மேலேற மறுக்கிறது என்றால், ஒரு வாரம் நடையோடு நிறுத்துங்கள். பதினாறு மணி நேர விரதமும் வாரம் ஐந்து நாள் ஹிட்டும் சேர்த்துச் செய்யும் பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போனால், அது உடம்பு கொடுக்கும் புகார் மனு. தாங்க முடியாத தசைவலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஜிம் நடத்துபவர்களுக்கு ஒரு கோரிக்கை. ஆறு நாள் பேட்ச் நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஆறு நாளில் கடுமையான நாள் எது, இலகுவான நாள் எது என்று வாசல் பலகையில் எழுதிவையுங்கள். ஒரே ஆள் அடுத்தடுத்த நாள் கடும் பேட்ச்சில் வந்து நின்றால், இன்றைக்கு நடங்கள் என்று டிரெட்மில் பக்கம் அனுப்பிவையுங்கள். சந்தா குறையாது, ஆள் நிலைத்து நிற்பார்.